பரணில் கிடந்த செமி ஹாலோ கிட்டார்: ஐந்து வருஷ வாசிப்புக்குப் பிறகு

இந்தக் கிட்டாரைப் பழுதுபார்த்து முடித்து ஐந்து வருஷம் ஆகிறது. முடித்த வாரமே எழுத உட்கார்ந்திருந்தால் பளபளப்பைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இப்போது எந்த வேலை நின்றது, எது வீண் உழைப்பு, எதில் கை வைக்காமலே விட்டிருக்கலாம் என்று சொல்ல முடிகிறது. முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: எனக்கு அதிக நாள் பிடித்த வேலைகளுக்கும் இன்று இது நன்றாக ஒலிப்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

நண்பர் வீட்டுப் பரணில் பத்து வருஷத்துக்கும் மேல் கிடந்தது. கைக்கு வந்தபோது நாலு தந்திதான் இருந்தது, அதுவும் துருப்பிடித்து. தலைப்பகுதியில் பெயர் இல்லை. மேல்பலகையில் 'f' எழுத்து வடிவில் வெட்டியிருக்கும் எஃப் துளைக்குள் ஒட்டியிருந்த சீட்டும் உதிர்ந்து பொடியாகியிருந்தது. ஆனாலும் பரம்பரை தெரிந்தது. 1958-ல் ஜிப்சன் கொண்டுவந்த இ.எஸ்-335 மாடலைப் பார்த்து, 1970களில் ஜப்பானில் செய்த நகல். ஜிப்சனில் கழுத்தை உடலோடு ஒட்டியிருப்பார்கள். இதில் பின்னால் தகடு வைத்து நாலு ஸ்க்ரூ. அந்தக் காலத்து ஜப்பான் நகல்களில் இது சகஜம்.

இந்த மாதிரி கிட்டார் எதைக் கண்டாலும் "வழக்குக் கிட்டார்" என்று சொல்லி விலையை ஏற்றுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. 1977-ல் ஜிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், இபனெஸ் என்ற ஜப்பானியக் கிட்டார்களை அமெரிக்காவில் விற்றுவந்த எல்கர் நிறுவனத்தின் மேல் தலைப்பகுதியின் வடிவத்துக்காக வழக்குப் போட்டது உண்மை. அது நீதிமன்றத்துக்கு வெளியிலேயே சமரசமாக முடிந்தது. அந்த ஒரு வழக்கை வைத்துக்கொண்டு அன்று ஜப்பானில் செய்த அத்தனை நகலுக்கும் அதே பட்டம் சூட்டுவது வியாபாரம், சரித்திரம் இல்லை.

பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை எஃப் துளைக்குள் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுக்கட்டை முழு நீளத்துக்கும் இருந்தது. செமி ஹாலோ என்பதற்கு அர்த்தமே இந்தக் கட்டைதான். இரண்டு பக்கமும் வெற்றிடம், நடுவில் திடமான மரம். வெற்றிடத்தால் ஒலியில் ஒரு காற்றோட்டம் கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) சத்தத்தைக் கூட்டும்போது ஊளையிடாமல் கட்டை பிடித்துக்கொள்கிறது. கட்டையின் ஓரத்தில் யாரோ பென்சிலால் இரண்டு எண்கள் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு இந்தக் கிட்டாரைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

சுத்தம் செய்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லைட்டரில் ஊற்றுகிற நாப்தாவைத் துணியில் நனைத்து, முதலில் பிக்கார்டுக்கு (கீறலைத் தடுக்கும் தகடு) அடியில் தெரியாத இடத்தில் தேய்த்துப் பார்த்தேன். பூச்சு அசையவில்லை, பிறகு முழுவதும் துடைத்தேன். பிரெட் என்ற உலோகக் கம்பிகள் குறுக்கே பதித்த பிரெட்போர்டில் (விரல் வைக்கும் பலகை) மட்டும் மிக நைசான இரும்புக் கம்பளி தேவைப்பட்டது. அதற்கு முன் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்களான பிக்கப்புகளின் மேல் டேப் ஒட்டி மூடிவிடுங்கள். கம்பளியிலிருந்து உதிரும் இரும்புத் தூசி காந்தத்தில் போய் அப்பிக்கொண்டால் ஊசி வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

உண்மையான கதை மின் பகுதியில்தான். பிரிட்ஜ் (தந்திகள் உடலில் உட்காரும் பாலம்) பக்க பிக்கப் செத்துக்கிடந்தது, மல்டிமீட்டர் அசையவே இல்லை. கவரைக் கழற்றினால் உள்ளே, இரண்டு சுருள் வைத்து இரைச்சலை அடக்கும் ஹம்பக்கர் இல்லை. ஹம்பக்கர் அளவு உறைக்குள் ஒற்றைச் சுருள் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தக் கால ஜப்பான் நகல்களில் இதுவும் அதிசயமில்லை. சுருள் கம்பி கிட்டத்தட்ட 0.06 மில்லிமீட்டர், தலைமுடி அளவுதான் இருக்கும். டேப்பைப் பிரித்தபோது வெளி முனை ஈயம் வைத்த இடத்தில் பச்சை பூத்து அறுந்திருந்தது. சுருளின் உள்ளே அறுந்திருந்தால் முழுதாகத் திரும்பச் சுற்ற வேண்டியதுதான். வெளி முனை என்பதால் பிழைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரே ஒரு சுற்றைப் பிரித்தெடுத்து, புது ஒயரோடு ஈயம் வைத்தேன். மீட்டர் 5.8 கிலோ ஓம் காட்டியது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் பெரிய தப்பையும் செய்தேன். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட் (பொட்டன்ஷியோமீட்டர்) நாலையும் திருகினால் கரகரவென்று சத்தம் வந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, ஐம்பது தடவை முன்னும் பின்னும் திருகியிருந்தால் இரண்டு பாட்டாவது சரியாகியிருக்கும். நானோ நாலையும் தூக்கிப் போட்டுவிட்டு, 24 மில்லிமீட்டர் அகலமுள்ள பெரிய பாட்களை வாங்கிவிட்டேன். அவற்றின் கழுத்து 9.5 மில்லிமீட்டர், பழையவற்றின் கழுத்து 7. அதனால் மேல்பலகையின் ஓட்டைகளை ரீமர் போட்டுப் பெரிதாக்கினேன். ஒரு ஓட்டையின் ஓரத்தில் பூச்சு சில்லு சில்லாகப் பெயர்ந்தது. அதெல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், பெரிய பாட் எஃப் துளைக்குள் நுழையவே இல்லை! இந்த உடலுக்குப் பின்னால் மூடி கிடையாது. எல்லாமே எஃப் துளை வழியாகத்தான் போய்வர வேண்டும். கடைசியில் 16 மில்லிமீட்டர் சின்ன பாட்களையே போட்டு, பெருத்த ஓட்டைகளை வாஷர் வைத்து மறைத்தேன். பெயர்ந்த பூச்சு இன்றும் நாபுக்கு அடியில் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எஃப் துளை வழியாக வேலை செய்வது பாட்டிலுக்குள் கப்பல் கட்டுவது மாதிரி. அட்டையில் ஓட்டைகளின் இடத்தைக் குறித்து, அதில் பாட், ஸ்விட்ச், ஜாக் எல்லாவற்றையும் பொருத்தி, ஈயம் வைக்கிற வேலை அத்தனையையும் வெளியிலேயே முடித்துவிட வேண்டும். 0.022 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் இரண்டையும் அங்கேயே வைத்துக்கொண்டேன். பிறகு மேல்பலகையின் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் மீன்தொட்டிக்குப் போடுகிற மெல்லிய ரப்பர் குழாயை உள்ளே விட்டு, எஃப் துளை வழியாக வெளியே எடுத்து, பாட்டின் தண்டில் மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும். ஜாக்குக்கு நூல். முதல் தடவை எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. நாலாவது பாட் மேலே வந்த நொடியில் முதல் பாட் குழாயிலிருந்து கழன்று உள்ளே விழுந்தது. கிட்டாரை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வெளியே நடந்து வந்தேன்.

ஒருவழியாக எல்லாம் பொருந்தி ஆம்பில் சொருகினால், ரீங்காரம். தந்தியைத் தொட்டாலும் குறையவில்லை. கிரவுண்ட் (எர்த்) சரியாக இருந்தால் தந்தியைத் தொட்டதும் இரைச்சல் தணிய வேண்டும். தணியாவிட்டால் தந்திகளின் முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸுக்குப் போகும் ஒயரைப் பாருங்கள். இதில் அது துருப்பிடித்து அறுந்திருந்தது.

அதன் பிறகு வந்ததுதான் மூன்று வாரம் என்னைப் படுத்திய பிரச்சினை. ஆறாவது தந்தியில் மூன்றாவது பிரெட், ஜி ஸ்வரம். அங்கே மட்டும் 'கிர்ர்' என்று ஒரு அதிர்வு. பிரெட் என்று நினைத்து அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப அளந்தேன். பிரிட்ஜின் கம்பி, பிக்கார்டின் ஸ்க்ரூ, தலைப்பகுதியில் டியூனரின் வாஷர், ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டே வாசித்துப் பார்த்தேன். ஒரு நாள் தாடையை உடலின் மேல்விளிம்பில் வைத்துக்கொண்டு வாசித்தபோது அதிர்வு பல்லில் வந்து இறங்கியது. சத்தம் உடலுக்குள்ளிருந்துதான் வருகிறது. கண்ணாடியை விட்டுப் பார்த்தால், நான் தாராளமாக நீளம் விட்டிருந்த ஒயர் ஒன்று பின்பலகையை உரசிக்கொண்டு இருந்தது. ஜி அதிர்வுக்கு அது கூடவே ஆடியிருக்கிறது. சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றைச் சுற்றி ஒட்டினேன். இரண்டு நிமிஷ வேலை.

பிரெட்டும், கழுத்தின் தலைப்பக்க முனையில் தந்திகளைத் தாங்கும் நட்டும் வேறு ரகம். இந்த வேலையில் கதை இல்லை, பலன் மட்டும் இருக்கிறது. முதல் மூன்று பிரெட்டில் மெல்லிய தந்திகள் பள்ளம் தோண்டியிருந்தன. முதலில் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, கழுத்தை நேராக்கினேன். பிரெட்போர்டு முழுக்க மாஸ்கிங் டேப், பிரெட்டின் உச்சியில் மார்க்கர் மை, நேரான உலோகக் கட்டையில் ஒட்டிய உப்புத்தாள். மை எல்லாப் பிரெட்டிலும் அழிகிறவரை தேய்த்து, பிறகு முக்கோண அரத்தால் உச்சியை மறுபடி உருண்டையாக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் நட்டின் வெட்டுகளை யாரோ ஆழமாக அறுத்துவிட்டிருந்தார்கள். எலும்பில் புது நட் செதுக்கினேன், இரண்டு பாழாகி மூன்றாவதுதான் உருப்பட்டது. மூன்றாவது பிரெட்டை அழுத்திப் பிடித்தால், முதல் பிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி மட்டும் தெரிய வேண்டும்.

கழுத்தைக் கழற்றியபோது பொருந்தும் இடத்தில் மடித்த அட்டைத் துண்டு ஒன்று இருந்தது. கோணம் சரிசெய்ய யாரோ வைத்தது. அட்டை நாளடைவில் நசுங்கும். அதை எடுத்துவிட்டு, அடிப்பரப்பு முழுவதையும் மூடும்படி ஆப்பு மாதிரி சீவிய மரத்தகடு வைத்தேன். அதற்குப் பிறகுதான் பன்னிரண்டாவது பிரெட்டில் ஆறாவது தந்தியின் உயரத்தை 1.8 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர முடிந்தது.

ஐந்து வருஷத்தில் எது எப்படி இருக்கிறது என்று கேட்டால்: நட் அப்படியே இருக்கிறது. இரண்டாவது பிரெட் லேசாகத் தேய ஆரம்பித்திருக்கிறது, இன்னொரு தடவை சமன் செய்யும் அளவுக்கு உலோகம் பாக்கி இருக்கிறது. டியூனர்களை மாற்றச் சொல்லாதவர்கள் இல்லை. நான் பழைய கிரீஸைக் கழுவிப் புதிதாக வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். சுருதி நிற்கவில்லை என்று நான் டியூனர்களைத் திட்டிய நாட்களில் எல்லாம் உண்மையான குற்றவாளி, வெட்டு இறுகிய அந்தப் பழைய நட்தான். உடல் லேமினேட் பலகை, அதனால் தட்பவெப்பம் அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கழுத்து மட்டும் ஈரப்பதம் மாறும்போதெல்லாம் நகரும். முதல் பிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கழுத்தும் உடலும் சேரும் பிரெட்டில் தந்தியை அழுத்தி, ஏழாவது பிரெட்டில் இடைவெளியை அளப்பேன். 0.2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் கொஞ்சம் திருகுவேன். வருஷத்துக்கு இரண்டு தடவை.

பிக்கப்பை மாற்றாமல் விட்டதில்தான் எனக்கு இன்னும் வாக்குவாதம் நடக்கிறது, மற்றவர்களோடும் என்னோடும். ஒற்றைச் சுருள் என்பதால் கணினித் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இரைகிறது. ரெக்கார்டிங் செய்யும்போது கோணத்தைத் திருப்பித் திருப்பி, இரைச்சல் குறைகிற திசையைத் தேட வேண்டியிருக்கிறது. நிஜமான ஹம்பக்கர் போட்டால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் கழுத்துப் பக்க பிக்கப்பில், டோனைப் பாதி குறைத்து, விரலால் வாசிக்கும்போது வருகிற அந்தத் தெளிவு இ.எஸ்-335-ன் குரலும் இல்லை, ஜிப்சனின் ஒற்றைச் சுருள் பிக்கப்பான பி-90-ன் குரலும் இல்லை. இதை இழக்க எனக்கு விருப்பமில்லை. உறை ஹம்பக்கர் அளவு என்பதால் வேறொருவர் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், மரத்தை வெட்டத் தேவையில்லை. ரீமர் பிடித்த நாளில் இந்தப் புத்தி இருந்திருக்கலாம்.

ஓர வெள்ளைப் பட்டையில் முடி அளவு விரிசல்கள் இருக்கின்றன. கழன்றிருந்த ஒரு இடத்தை மட்டும் ஒட்டினேன், மற்றதைத் தொடவில்லை. இப்போது பாக்கி இருப்பது பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் ஸ்விட்ச். நடு நிலையில் வைத்தால் எப்போதாவது ஒரு பிக்கப் விட்டுப்போகிறது. எஃப் துளை வழியாகக் கிளீனர் அடித்துப் பார்த்தேன், இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது. ரப்பர் குழாயை மறுபடி எடுத்து மேஜையில் வைத்து ஆறு வாரம் ஆகிறது.