பேச்சு லேட்டாகுற குழந்தைங்களுக்கு கும்பகோணத்துல நல்ல சென்டர்

மகாமகக் குளத்துப் பக்கம் இருக்கிற இந்த சென்டருக்கு தாராளமா போகலாம், ஜெனடிக் கவுன்சிலிங் (மரபணு சம்பந்தமான ரிப்போர்ட்டை விளக்கி ஆலோசனை சொல்றது), ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) ரெண்டுமே இருக்கு.

எங்க பாப்பாவுக்கு ட்ரிபிள் எக்ஸ். பொண்ணுங்களுக்கு எக்ஸ் குரோமோசோம் (செல்லுக்குள்ள மரபணுவைத் தாங்கி நிக்கிற இழை) ரெண்டு இருக்கும், இவளுக்கு மூணு, மொத்தம் 46க்கு பதில் 47. ரத்தம் எடுத்த லேப்ல ஒரு விளக்கமும் சொல்லாம ரிப்போர்ட் கவரைக் கையில குடுத்து அனுப்பிட்டாங்க, வலங்கைமான் வர்ற வரைக்கும் பஸ்ல போன்ல தேடித் தேடி பயந்ததுதான் மிச்சம்.

இங்க கவுன்சிலர் மேடம் அந்த கேரியோடைப் தாளை, அதாவது குரோமோசோமை எல்லாம் வரிசையா அடுக்கிக் காட்டுற படத்தை, டேபிள்ல விரிச்சு, ஜோடி ஜோடியா இருக்கிற குரோமோசோமை பேனாவால தொட்டுக்கிட்டே வந்து கடைசில எக்ஸ் மட்டும் மூணா நிக்கிறதைக் காட்டினாங்க. பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகுறப்ப குரோமோசோம் சரியா பிரியாம போறதால வர்றது, பொதுவா பரம்பரையா வராது, மாசமா இருக்கப்ப சாப்பிட்டதோ கிரகணத்துல வெளிய வந்ததோ காரணமே இல்லன்னு எங்க அத்தை முகத்தைப் பாத்தே சொன்னாங்க. அதோட வீட்ல அந்தப் பேச்சு நின்னுச்சு, இதுக்கே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம்.

1959லயே கண்டுபிடிச்ச விஷயமாம், சுமார் ஆயிரம் பொண் குழந்தைக்கு ஒண்ணுக்கு இருக்கும், பெரும்பாலானவங்களுக்கு இருக்கிறதே தெரியாதாம். உயரமா வளருவாங்க, பேச்சு படிப்புல கொஞ்சம் பின்தங்கலாம், கல்யாணம் ஆகி குழந்தை பெத்துக்கிறதுக்கு பெரும்பாலும் தடை இல்ல, சிலருக்கு மட்டும் சினைப்பை சீக்கிரம் ஓயலாம். மாத்திரை குடுத்து சரி பண்ற விஷயம் இல்ல, பயிற்சியை சீக்கிரம் ஆரம்பிக்கணும், அவ்வளவுதான்.

தெரபி ரூம் சின்னது, ஆனா தெரபி குடுக்கிற பொண்ணுக்கு என்ன பொறுமை! பாப்பாவை கண்ணாடி முன்னாடி உக்கார வச்சு உதட்டை ஒட்டி ஒட்டிப் பிரிச்சு "ப... ப..." சொல்லிக் காட்டுது, இவ முகத்தைத் திருப்பிக்கிட்டா உடனே சோப்பு முட்டை ஊதி "பட்டுனு" உடைக்குது, இவளும் சிரிச்சுக்கிட்டே வாயைக் குவிக்கிறா. வீட்ல டிவியை அமத்திட்டு மாடு, வைக்கப்போர், வாய்க்கால்னு கண்ணுல படுறதை எல்லாம் பேர் சொல்லிக் காட்டச் சொன்னாங்க. ரெண்டரை வயசு வரைக்கும் அம்மா, தாத்தா தவிர எதுவும் வராதவ இப்ப "மாடு போச்சு"ன்னு சேத்து சொல்றா, எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு சொல்லத் தெரியல.

குறைன்னா மாடிப்படி செங்குத்தா இருக்கு, குழந்தையைத் தூக்கிட்டுதான் ஏறணும். சனிக்கிழமை ரொம்ப கூட்டம், போன் பண்ணி டைம் வாங்கிட்டு ஒரிஜினல் ரிப்போர்ட்டோட போங்க, முடிஞ்சா வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டுப் போங்க.