பசியோடு வருபவர் எங்கே தட்டுவார்? ஓர் உணவகத் தளத்தைப் பிரித்துப் பார்த்தால்

மதுரையில் மூன்று கிளைகள் நடத்தும் அசைவ உணவகம் ஒன்றின் இணையதளம் இது. பெயரைத் தவிர்த்திருக்கிறோம், ஏனென்றால் இங்குள்ள குறைகள் பல ஊர்களில் பல உணவகத் தளங்களில் அப்படியே இருக்கின்றன. 360 பிக்சல் அகலத் திரை கொண்ட நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போனில், 4ஜி இணைப்பில் பார்த்தோம். உணவகத் தளத்தைத் திறப்பவர்களில் பெரும்பாலோர் பைக்கை ஓரம் கட்டிவிட்டோ, குடும்பத்தோடு கிளம்பும் அவசரத்திலோ போனில்தான் பார்ப்பார்கள் என்பதால் கணினித் திரையை இரண்டாவதாகவே வைத்துக்கொண்டோம்.

முகப்பில் அடுப்பில் தம் போடும் வீடியோ ஒன்று தானாக ஓடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இறங்கி முடியும்வரை கீழே உள்ள எதுவும் நிலைகொள்ளவில்லை. 'கிளைகள்' என்று தட்டப்போனால் அந்த நொடியில் பக்கம் கீழே நகர்ந்து விரல் விளம்பரத்தின்மேல் படுகிறது. ஒரு பக்கத்தின் முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். வீடியோவை எடுத்துவிட்டு, 150 கிலோபைட்டுக்குள் சுருக்கிய ஒரே ஒரு வெப்பி (WebP, சிறிய கோப்பாகச் சுருங்கும் பட வகை) படத்தைப் போட்டால் போதும். படத்தின் அகல உயரத்தை நிரலில் குறித்துவிட்டால் அதற்கான இடம் முன்கூட்டியே ஒதுக்கப்படும், பக்கம் துள்ளாது.

அடுத்து, மேலே வலது மூலையில் மூன்று கோடு, அதன் பக்கத்தில் 'மெனு' என்ற சொல். உணவகத் தளத்தில் 'மெனு' என்றால் எல்லோருக்கும் சாப்பாட்டுப் பட்டியல்தான். தட்டினால் வருவதோ 'எங்கள் கதை', 'விருதுகள்', 'கேலரி', 'கேட்டரிங்', 'எங்களை அறிய'. உண்மையான பட்டியல் 'எங்களை அறிய' என்பதற்குள் இருக்கிறது. சாப்பிட வந்தவர் மூன்று தட்டுக்குப் பிறகுதான் அதைப் பார்க்க முடியும். மூன்று கோட்டின் பக்கத்தில் உள்ள சொல்லை எடுத்துவிட்டு, 'சாப்பாடும் விலையும்', 'கிளைகள்', 'அழைக்க' என மூன்று பொத்தான்களைத் திரையின் அடியில் நிலையாக வைக்க வேண்டும். கட்டைவிரல் எளிதாக எட்டும் இடம் அதுதான். ஒவ்வொன்றும் குறைந்தது 48 பிக்சல் உயரம் இருக்கட்டும்.

இந்தத் தளத்தின் பெரிய சிக்கலே பட்டியல்தான். திறப்பது ஏ3 அளவில் படுக்கையாக ஸ்கேன் செய்த ஒரு பிடிஎஃப். ஏ3 தாளின் அகலத்தைப் போன் திரைக்குள் அடக்கும்போது எழுத்து மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குகிறது. அச்சில் 12 புள்ளியாக இருந்தது போனில் 4 புள்ளி கூட இல்லை. விரலால் பெரிதாக்கினால் உணவின் பெயர் தெரியும்போது விலை திரைக்கு வெளியே போய்விடுகிறது, விலையைத் தேடி நகர்த்தினால் அது எந்த வரியின் விலை என்பது தப்பிவிடுகிறது. சில விலைகளின்மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறுபடி ஸ்கேன் செய்திருக்கிறார்கள், ஸ்டிக்கரின் விளிம்பு நிழல்கூடத் தெரிகிறது. ஸ்கேன் வெறும் படம் என்பதால் பக்கத்துக்குள் 'கோலா உருண்டை' என்று தேடினால் கிடைக்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஒரு சொல்லையும் படிக்காது.

இதைச் சாதாரண எழுத்தாக மாற்ற வேண்டும். ஒரு வரிக்கு ஓர் உணவு. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் விலை, பெயருக்குக் கீழே அளவு: 'மட்டன் சுக்கா, 150 கிராம்' என்பதுபோல. 5 சதவீத ஜிஎஸ்டி விலைக்குள்ளா வெளியேயா என்பதைப் பட்டியலின் தலையிலேயே சொல்லிவிடலாம். சைவம், அசைவம் காட்ட இப்போது வைத்திருப்பது வெறும் பச்சை, சிவப்புப் புள்ளிகள். சிவப்பு, பச்சை நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். உணவுப் பொட்டலங்களில் அசைவக் குறியீட்டை வட்டத்திலிருந்து முக்கோணமாக மாற்றியது இதற்காகத்தான். சதுரத்துக்குள் பச்சை வட்டம், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என இங்கும் அதையே பின்பற்றலாம்.

தமிழ் எழுத்தைக் கையாண்ட விதம் மனதை உறுத்துகிறது. தலைப்புகளுக்கு வரி உயரம் 1 என்று, அதாவது எழுத்தின் அளவுக்கே வைத்து, மிஞ்சுவதை மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அது தாங்கும். தமிழில் மேலே புள்ளியும் 'கி', 'கீ' போன்றவற்றின் வளைவும் உண்டு, கீழே கொக்கிகள் உண்டு. விளைவு, 'ஈரல் வறுவல்' என்ற தலைப்பில் புள்ளிகள் வெட்டுப்பட்டு 'ஈரல வறுவல' என்று நிற்கிறது. வரி உயரத்தை 1.5 ஆக்கினால் சரியாகிவிடும், ஒரே வரி வேலை. தங்க நிற எழுத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்ததும் தவறு. இரண்டுக்கும் உள்ள ஒளி வேறுபாடு 2:1ஐ ஒட்டித்தான் வருகிறது, சிறிய எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும் என்பது, பார்வைக் குறைவு உள்ளவரும் படிக்க வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை விதி. வெயிலில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடர்ந்த காப்பித்தூள் நிறத்துக்கு மாற்றினால் தோற்றமும் கெடாது.

இத்தனைக்கும் நடுவில் அருமையான ஒரு பக்கம் ஒளிந்திருக்கிறது. 'எப்போது என்ன கிடைக்கும்' என்ற நேர அட்டவணை. பகல் 11.30 முதல் சீரக சம்பா பிரியாணி, மாலை 6 மணிக்கு மேல் கறிதோசை, நெஞ்செலும்பு சூப் தீரும்வரை, அயிரை மீன் குழம்பு மீன் வந்த அன்று மட்டும். சமையலறையை அறிந்தவர் உட்கார்ந்து எழுதியது என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. கறிதோசைக்காகப் பகலில் வந்து ஏமாந்து திரும்புவதை இது ஒன்றே தடுக்கும். இதற்கான இணைப்பு பக்கத்தின் கடைசி அடியில், பதிப்புரிமை வரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து எடுத்து முகப்பின் முதல் திரைக்குக் கொண்டுவர வேண்டும்.

கிளைகள் பக்கத்தில் மூன்று முகவரிகளும் சரி. ஆனால் 'வழி காட்டு' என்பதை எந்தக் கிளையில் தட்டினாலும் வரைபடம் தலைமைக் கடைக்கே போகிறது, ஒரே இணைப்பை மூன்று இடத்தில் நகலெடுத்திருக்கிறார்கள். தொலைபேசி எண்கள் படத்துக்குள் இருப்பதால் தட்டி அழைக்க முடியாது. மேசை முன்பதிவுப் படிவம் நேற்றைய தேதியையும் ஏற்றுக்கொள்கிறது, மின்னஞ்சல் கட்டாயம் என்கிறது, அனுப்பிய பிறகு 'நன்றி' என்பதோடு சரி, இடம் உறுதியா இல்லையா என்று சொல்வதில்லை. பெயர், போன் எண், எத்தனை பேர், நேரம் இந்த நான்கும் போதும். உறுதியானதும் குறுஞ்செய்தி போக வேண்டும்.

14 இலக்க உணவு உரிம எண்ணை அடிப்பகுதியில் தெளிவாகப் போட்டிருப்பது நல்ல பழக்கம்.

திருத்தத் தொடங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேசைகளில் ஒட்டியுள்ள க்யூஆர் அட்டைகள் எல்லாம் அந்தப் பழைய பிடிஎஃப்பின் முகவரிக்கே போகின்றன. கோப்பை அப்படியே அழித்தால் சாப்பிட உட்கார்ந்தவர்களின் போனில் 'பக்கம் இல்லை' என்ற 404 பிழைதான் வரும். முதலில் புதிய பட்டியல் பக்கத்தை ஏற்றி, பழைய முகவரிக்கு வருபவரைத் தானாக அதற்கு அனுப்பும் 301 நிரந்தரத் திருப்பம் வைத்து, மூன்று கிளைகளிலும் ஓர் அட்டையையாவது ஸ்கேன் செய்து பார்த்த பிறகே பிடிஎஃப்பில் கை வைக்க வேண்டும்.