கிளிமஞ்சாரோ ஏற எந்தப் பாதை: மரங்குவா, மச்சாமேயா, லெமோஷோவா?

தான்சானியாவின் கிளிமஞ்சாரோ மலையை ஏறக் கயிறு வேண்டாம், மலையேற்றப் பயிற்சி வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும் என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. 5,895 மீட்டரில் இருக்கும் உகுரு சிகரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். நல்ல உடற்பயிற்சி உள்ளவர்கள்கூட அங்கே கால் சோர்ந்து திரும்புவதில்லை, அந்தக் காற்றுக்கு உடம்பு பழகாமல் தலைவலியும் வாந்தியும் வந்து திரும்புகிறார்கள். அதனால் பாதைகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் தூங்கப் போகிறோம் என்பதைத்தான். காட்சி, கூட்டம், படுக்கை எல்லாம் அப்புறம்.

மரங்குவில் தொடங்கலாம், ஏனென்றால் முதல் தடவை போகிறவர்களில் நிறையப் பேர் கேட்பது அதைத்தான். மரக்குடில்களில் மெத்தையில் தூங்கக்கூடிய ஒரே பாதை, சரிவும் சீரானது, ‘கோகா-கோலா பாதை’ என்ற செல்லப்பெயரும் உண்டு, அதனால் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். தூங்கும் உயரங்களைப் பாருங்கள்: மண்டாரா குடில் சுமார் 2,700 மீட்டர், ஹொரொம்போ 3,700, கிபோ 4,700. ஒவ்வொரு இரவும் முந்தைய இரவைவிட ஆயிரம் மீட்டர் மேலே. 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தின் பொது அறிவுரை, இங்கே அதைப் போல இரண்டு மடங்கு. அதோடு முடிவதில்லை. கிபோவுக்கு வந்து சேர்ந்த அன்றே நள்ளிரவு வாக்கில் எழுந்து இன்னும் 1,200 மீட்டர் ஏற வேண்டும். ஐந்து நாள் மரங்குத் திட்டத்தை விலை குறைவு என்பதற்காக யாரும் எடுக்காதீர்கள், அதை விற்பதே தவறு என்பது என் கருத்து. ஆறு நாள் என்றால் ஹொரொம்போவில் கூடுதலாக ஓர் இரவு தங்கி, பகலில் 4,000 மீட்டர் வரை ஏறி இறங்கலாம், நிச்சயம் மேல், ஆனால் கிபோவுக்கான அந்த ஆயிரம் மீட்டர் தாவல் அப்படியேதான் இருக்கும்.

மச்சாமேயை ‘விஸ்கி பாதை’ என்பார்கள், அதாவது கடினமானது. முதல் நாளே மழைக்காட்டுக்குள் 1,200 மீட்டர் ஏற்றம், தங்குவதெல்லாம் கூடாரத்தில். ஆனால் மூன்றாம் நாள்தான் இந்தப் பாதையின் உயிர்: 4,600 மீட்டரில் இருக்கும் லாவா டவர் என்ற பாறை வரை ஏறி, சற்று நேரம் இருந்துவிட்டு, பராங்கோ முகாமுக்கு 3,900 சொச்சத்துக்கு இறங்கித் தூங்குகிறோம். உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாழ்வில் தூங்குவது, உடம்பைப் பழக்க மலைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது. மறுநாள் பராங்கோ சுவர், கிட்டத்தட்ட 250 மீட்டர் பாறை ஏற்றம், படத்தில் பார்த்தால் பயமாக இருக்கும், சில இடங்களில் கையை ஊன்ற வேண்டும், அவ்வளவுதான். மச்சாமேயிலும் ஆறு நாளை விட்டுவிட்டு ஏழு நாளைத் தேர்ந்தெடுங்கள், கரங்கா முகாமில் கிடைக்கும் அந்தக் கூடுதல் இரவு, சிகரத்துக்கு முந்தைய பராஃபு முகாமில் களைத்துப்போய் விழுவதைத் தவிர்க்கும்.

லெமோஷோ மேற்கிலிருந்து வந்து லாவா டவர் பக்கத்தில் மச்சாமேயோடு சேர்ந்துகொள்கிறது, அதன்பின் இரண்டும் ஒரே பாதைதான். வித்தியாசம் முன்பாதியில்: ஆள்நடமாட்டம் குறைந்த காடு, பரந்த ஷிரா பீடபூமி, மெதுவான ஏற்றம். எட்டு நாள் லெமோஷோதான் என் முதல் தேர்வு. செலவு கூடும், பூங்காக் கட்டணத்தை நாள்கணக்கில்தான் வாங்குகிறார்கள், உடன் வரும் குழுவின் கூலியும் நாளோடு ஏறும். பணத்தை வேறு எதிலாவது மிச்சம் பிடியுங்கள், நாளில் கை வைக்காதீர்கள், சுமைதூக்கிகளின் கூலியிலும் கை வைக்காதீர்கள். ஒருவருக்கு 20 கிலோதான் உச்சவரம்பு, அது மதிக்கப்படுகிறதா என்று ஏற்பாட்டாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வடக்கே கென்ய எல்லைப் பக்கம் ரோங்காய் பாதை இருக்கிறது, மழை குறைவான சரிவு. மார்ச் கடைசியிலிருந்து மே வரை பெருமழைக் காலம், நவம்பரில் சிறுமழை, அப்போதுதான் போக முடியும் என்றால் ரோங்காயைப் பாருங்கள்.

மரங்குவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. கிபோவிலிருந்து கீழே வரும் வழி அகலமானது, தள்ளாடவும் குழறவும் தொடங்கிவிட்ட ஒருவரை உடனே இறக்க வேண்டிய நேரத்தில் அது பெரிய விஷயம், பராங்கோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இறக்குவது அவ்வளவு சுலபமல்ல. இறக்கத்திலும் முழங்காலுக்கு மரங்குவே சாதகம். மச்சாமே, லெமோஷோ இரண்டிலும் சிகரம் தொட்ட அன்றே ம்வேகா என்ற இறங்குபாதை வழியாக 3,100 மீட்டர் வரை இறக்கிவிடுவார்கள், ஒரே நாளில் கிட்டத்தட்ட 2,800 மீட்டர். மரங்குவில் ஹொரொம்போவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கூடாரத்தில் தூங்கவே முடியாது என்பவர்களுக்கும் வழி உண்டு. அருஷா நகரத்துக்குப் பக்கத்தில் மேரு மலை, 4,500 மீட்டரைத் தாண்டியது, அங்கேயும் குடில்கள்தான். முதலில் அதை ஏறி இறங்கிவிட்டு, இடையில் அதிக நாள் விடாமல் ஆறு நாள் மரங்குவுக்குப் போனால், கிபோவின் அந்தத் தாவலுக்கு உடம்பு ஓரளவு தயாராக இருக்கும்.