ஓரியன் விண்மீன் சக்கரமும் கதைநூலும்: கோலாலம்பூர் வானத்துக்குப் பொருந்துமா?

பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் 59 ரிங்கிட்டுக்கு வாங்கிய இந்தப் பெட்டியில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, தேதியையும் மணியையும் பொருத்தித் திருப்பினால் அந்நேரத்து வானத்தைக் காட்டும் விண்மீன் சக்கரம். மற்றொன்று, வானத்தில் விண்மீன் கூட்டமாகக் காணப்படும் ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் கிரேக்கக் கதையைப் படங்களுடன் சொல்லும் மெல்லிய ஆங்கில நூல். நூல் நன்றாக இருக்கிறது. சக்கரம்தான் நம் ஊருக்கு உரியதன்று.

கடல் தெய்வமான பொசைடனின் மகன் ஓரியன் கியோஸ் தீவின் இளவரசி மெரோப்பியிடம் அத்துமீறியதும், சினம் கொண்ட மன்னன் ஓயினோபியோன் அவன் கண்களைப் பறித்ததும், பார்வையிழந்தவன் கொல்லர் தெய்வத்தின் பணியாளான கெடாலியோனைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் வழிகாட்டக் கிழக்கு நோக்கி நடந்து கதிரவனின் ஒளியால் பார்வை பெற்றதும் நூலில் விறுவிறுப்பாக வருகின்றன. அவன் சாவைச் சொல்லுமிடத்தில்தான் நூல் அவசரப்படுகிறது. உலகிலுள்ள விலங்குகளையெல்லாம் கொல்வேன் என்று அவன் தருக்கியதால் பூமித்தாய் கையா தேளை ஏவினாள் என்பது ஒரு மரபு. அப்போலோ தெய்வத்தின் சூழ்ச்சியால், கடலில் தெரிந்த கரும்புள்ளி அவன் தலையென்று அறியாமல் வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸ் அம்பெய்தாள் என்பது வேறொரு மரபு. இரண்டையும் ஒன்றாக ஒட்டியிருப்பதை எங்கேனும் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

சக்கரத்தின் பின்புறத்தில், மூலையில், பொடி எழுத்தில் '40 பாகை வடக்கு' என்று அச்சிடப்பட்டுள்ளது. அந்த அட்சரேகையில் தெரியும் வானத்துக்கென்றே சக்கரம் செய்யப்பட்டுள்ளது. கோலாலம்பூர் இருப்பதோ வடக்கே ஏறக்குறைய 3 பாகையில். ஆகவே, இதில் நன்றாக மேலே ஏறி நிற்கும் துருவ விண்மீன் இங்கே அடிவானத்தை ஒட்டிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்துவிடுகிறது. நாம் அகத்தியர் பெயரால் அறிந்த கனோபஸும், தென்சிலுவையும் இதில் அறவே இல்லை. தமிழர் வீட்டில் அகத்தியர் இல்லாத விண்மீன் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

ஓரியனும் இங்கே நூலின் படத்தில் உள்ளதுபோல் கதாயுதத்தை ஓங்கியபடி நிமிர்ந்து எழுவதில்லை. கிழக்கில் அவன் படுத்த நிலையில்தான் எழுகிறான். இடைவாரின் மூன்று விண்மீன்கள் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன, தலை வடக்கே இருக்கிறது. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாதென்று நம் பெரியவர்கள் சொல்வதை அவன் கேட்டதில்லை போலும். பிறகு அந்த இடைவார் ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேலாகக் கடந்து செல்கிறது. அவன் தோளில் சிவந்து தெரிவதே நம் திருவாதிரை. நகரத்து விளக்கொளியிலும் அது எளிதில் கண்ணுக்குப் படும்.

கதையின் முடிவுகூட இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை இந்தச் சக்கரத்தால் அறிய முடியாது. பகைவர் இருவரும் சந்திக்காதபடி ஓரியனும் தேளும் வானத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைக்கப்பட்டனர் என்பது கதை. ஏறக்குறைய 38 பாகையில் உள்ள கியோஸிலிருந்து பார்த்தால், இடைவார் மறைந்த பிறகே தேளின் நெஞ்சாகிய கேட்டை எழுகிறது. கிரேக்கர் கண்ணால் கண்டதையே கதையாக்கினர். கோலாலம்பூரிலோ தென்வானத்துத் தேள் அங்கு எழுவதைவிட முன்னதாகவே எழுந்துவிடுவதால், மார்ச் மாதக் கடைசியில் நள்ளிரவையொட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் மேற்கே இடைவாரும் கிழக்கே கேட்டையும் ஒரே வானத்தில் இருக்கின்றன. இதைக் காண இரு திசையிலும் அடிவானம் திறந்திருக்க வேண்டும். அடுக்குமாடிப் பால்கனி உதவாது.

சக்கரத்தை அப்படியே பயன்படுத்த விரும்புவோர் மணியையும் திருத்திக்கொள்ள வேண்டும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 120 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைப் பின்பற்றுவதால், இங்குள்ள உண்மையான உள்ளூர் நேரம் அதைவிட ஏறக்குறைய ஒன்றேகால் மணி பிந்தியது. அதைக் கழிக்காமல் திருப்பினால் காட்டும் வானம் தப்பாகிவிடும். பெட்டியில் எங்கும் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பளபளப்பான மேற்பூச்சில் கைவிளக்கின் ஒளி பட்டுத் தெறித்து விண்மீன் பெயர்களை மறைப்பது மற்றொரு தொல்லை.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கதைக்காக வாங்கலாம். மெரோப்பி பகுதியைப் பெற்றோர் முதலில் படித்துப் பார்ப்பது நல்லது. ஐந்துக்கு நூலுக்கு நான்கும் சக்கரத்துக்கு ஒன்றரையும் தருவேன். வானம் பார்ப்பதே நோக்கமென்றால், நிலநடுக்கோட்டுப் பகுதிக்கென்றே செய்யப்பட்ட சக்கரத்தைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்க விடாத கடையாயின், பணம் கொடுப்பதற்கு முன் அட்சரேகையைக் கடைக்காரரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.