சிவப்பு ஒளித் தொப்பியா, மினாக்ஸிடில் பாட்டிலா?

போன வருஷம் என் மச்சினனுக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் விட்ட மூன்றாம் மாதம், தலை வாரும்போதெல்லாம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. பயந்துபோய் ஆன்லைனில் 18,000 ரூபாய்க்கு ஒரு சிவப்பு ஒளித் தொப்பி வாங்கினான். ஒருநாள் விட்டு ஒருநாள், 20 நிமிஷம். ஹாலில் அதை மாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பான். காதோரம் சிவப்பு வெளிச்சம் கசியும். ஆறு மாதத்தில் முடி பழையபடி வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் காபிக்கு முன்னால் தொப்பியைத்தான் காட்டுகிறான்.

எனக்குக் கதை வேறு. அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் இருந்த அதே உச்சந்தலை வட்டம், எனக்கு 36 வயதில் தொடங்கியது. மூன்று வருஷமாக மினாக்ஸிடில் போடுகிறேன், தலையில் தடவும் முடி மருந்து. ஆக ஒரே வீட்டில் இரண்டு தலை, இரண்டு வைத்தியம்.

முதலில் மச்சினன் தலையைப் பார்த்துவிடலாம். கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பிறகு நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போகும். இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். வேர்க்கால் சாவதில்லை. பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே திரும்ப முளைத்துவிடும். மச்சினனுக்கு நடந்தது அநேகமாக இதுதான். தொப்பியே போடாமல் இருந்திருந்தாலும் அந்த முடி வந்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. காக்கையின் விலை 18,000. இணையத்தில் 'எனக்கு வேலை செய்தது' என்று படம் போடுபவர்களில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதற்காக சிவப்பு ஒளியே பித்தலாட்டம் என்று சொல்லிவிட முடியாது. 1967-ல் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் புற்றுநோயை உண்டாக்குமா என்று பார்க்க எலிகளின் முதுகைச் சிரைத்து மிதமான சிவப்பு லேசரைப் பாய்ச்சினார். புற்று வரவில்லை. ஒளி பட்ட எலிகளுக்கு முடி சீக்கிரம் வளர்ந்தது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சி, செல்லின் ஆற்றல் உற்பத்தியைக் கூட்டுகிறது என்பது இன்று அதிகம் சொல்லப்படும் விளக்கம். லேசர் வைத்து முடி நீக்கிக்கொள்பவர்களில் சிலருக்குப் பக்கத்துத் தோலில் புதிதாக முடி முளைப்பதும் தோல் மருத்துவர்கள் அறிந்த விஷயம்தான்.

சரி, மனிதத் தலையில் என்ன கிடைத்தது? ஹேர்மேக்ஸ் என்ற சிவப்பு லேசர் சீப்பை வைத்து 2014-ல் வெளியான ஆய்வில் ஆணும் பெண்ணுமாக 269 பேர். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நிஜச் சீப்பு, மற்றவர்களுக்கு லேசர் இல்லாத போலிச் சீப்பு. 26 வாரம் கழித்து எண்ணியபோது, நிஜச் சீப்புக்காரர்களுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 18 முதல் 26 முடி கூடியிருந்தது. போலிச் சீப்பில் 2 முதல் 9. சதுர சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய சுண்டுவிரல் நகம். அந்த இடத்தில் இருபது முடி கூடுவது பெரிய விஷயம்தான், வழுக்கையே விழுந்துவிட்ட இடமாக இல்லாதவரை.

இதன் பக்கத்தில் மினாக்ஸிடிலை வையுங்கள். 2002-ல் வெளியான ஆய்வில் 393 ஆண்கள், 48 வாரம். 5 சதவீத மருந்து போட்டவர்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 18.6 முடி கூடியது. 2 சதவீதத்துக்கு 12.7, மருந்தில்லாத வெறும் திரவத்துக்கு 3.9. பார்த்தால் இரண்டும் சரிசமம், சீப்பு ஒரு படி மேல் என்றே தோன்றும். விளம்பரக்காரர்கள் நிறுத்துவதும் இங்கேதான். ஆனால் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு வாரக்கணக்கு, வேறு வேறு எண்ணும் முறை; இரண்டு பரீட்சை மதிப்பெண்ணை ஒரே பட்டியலில் போட்டு ரேங்க் கொடுப்பது மாதிரி. அதோடு சீப்பு ஆய்வுக்குப் பணம் போட்டது சீப்பு செய்த நிறுவனம். மருந்து ஆய்வுகளிலும் கம்பெனிப் பணம் உண்டுதான். ஆனால் மினாக்ஸிடில் 1988-லிருந்து கடையில் இருக்கிறது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான தலைகளில் அதன் நல்லதும் கெட்டதும் தெரிந்துவிட்டன.

விளம்பரங்களில் வரும் 'எஃப்.டி.ஏ. அனுமதி', அதாவது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, என்ற வாசகத்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மினாக்ஸிடிலும், 1997-ல் வந்த ஃபினாஸ்டிரைட் மாத்திரையும் மருந்து என்ற முறையில் பலனை நிரூபித்து ஒப்புதல் வாங்கியவை. லேசர் சீப்புக்கு 2007-ல் கிடைத்தது சாதனங்களுக்கான கிளியரன்ஸ். ஏற்கெனவே சந்தையில் இருக்கும் ஒரு சாதனத்துக்குப் பாதுகாப்பிலும் செயல்பாட்டிலும் ஒப்பானது என்று காட்டினால் போதும். வாசற்படி அவ்வளவு உயரமில்லை.

இதில் நம்மூர் ஆட்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு; விளம்பரங்களில் நான் பார்த்ததே இல்லை. ஹேர்மேக்ஸ் போன்ற கருவிகளுக்குக் கிடைத்த அமெரிக்க அனுமதியில் தோல் நிற வகை ஒன்று முதல் நான்கு வரை என்று எழுதியிருக்கும். வெளுப்பிலிருந்து கருப்பு வரை ஆறு வகை; நம்மில் பலர் ஐந்து, சிலர் ஆறு. கருந்தோலில் மெலனின் அதிகம், அது ஒளியை உறிஞ்சும். நமக்கு வேலையே செய்யாது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் அந்த இருபது முடிக் கணக்கு நம் தலையில் போட்டுப் பார்த்த கணக்கில்லை. மினாக்ஸிடிலுக்கு இந்தக் கவலை கிடையாது.

கருவிகளுக்குள்ளேயே வித்தியாசம் நிறைய. சீப்பு வகையில் பற்கள் முடியைப் பிரிப்பதால் ஒளி தோலில் படும்; ஆனால் கையில் பிடித்து மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும், வாரம் மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிஷம். இரண்டு மாதத்தில் அலுத்துவிடும். ஹெல்மெட் வகை மாட்டிக்கொண்டு சும்மா உட்காரலாம். லேசர் மட்டுமே வைத்தவை 3,000 டாலர் வரை போகின்றன. அப்புறம் மலிவான எல்.இ.டி. தொப்பிகள். மச்சினன் தொப்பியைத் திருப்பிப் பார்த்தேன். பல்புகள் இரண்டு விரல்கடை இடைவெளியில், ஓரத்தில் ஒன்றுமே இல்லை. பெட்டியில் ஒளியின் அலைநீளம் 660, 850 நானோமீட்டர் என்று இருந்தது. ஒவ்வொரு பல்பும் எத்தனை மில்லிவாட் என்று எங்குமே இல்லை. எண்ணெய் தடவிய அடர்த்தியான முடிக்கு மேல் அதை மாட்டினால் வெளிச்சம் முடியைத்தான் குளிப்பாட்டும். ஆய்வுகளில் பெரும்பாலானவை லேசர் கருவிகளை, அல்லது லேசரும் எல்.இ.டி.யும் கலந்தவற்றை வைத்து நடந்தவை. வெறும் எல்.இ.டி. தொப்பிக்கு அந்த ஆய்வை மேற்கோள் காட்டி விற்பது, பக்கத்து வீட்டுப் பையன் வாங்கிய மார்க்கைத் தன் மார்க்காகச் சொல்வது போலத்தான்.

மினாக்ஸிடில் ஒன்றும் சுகமான வாழ்க்கை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காலையும் மாலையும் 1 மில்லி, 60 மில்லி பாட்டில் ஒரு மாதம். முதல் சில வாரம் இருக்கிற முடியும் கொட்டும். நான் அப்போது பாத்ரூம் கண்ணாடியைத் தவிர்த்தேன். திரவத்தில் மருந்தைக் கரைக்கச் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் எனக்கு அரிப்பைக் கொடுத்தது, நுரை வகைக்கு மாறினேன். சென்னை மே மாதத்தில் வியர்வையோடு நெற்றியில் வழியும். நிறுத்தினால் கிடைத்ததெல்லாம் சில மாதங்களில் போய்விடும். தொப்பிக்கும் இதே விதிதான். ஒளிக் கருவியில் தொல்லை குறைவு, தலை கொஞ்சம் சூடாகும், அரிக்கும், அவ்வளவே. வீட்டில் பூனை இருந்தால் இன்னொரு கணக்கு: மினாக்ஸிடில் பூனைக்கு விஷம், தலையணையை நக்கினாலே ஆபத்து. அந்த வீட்டில் தொப்பிக்கு என் ஓட்டு.

ஆண்களின் பரம்பரை வழுக்கையில் அசல் பலசாலி ஃபினாஸ்டிரைட்தான். வேர்க்காலைச் சுருக்கும் ஹார்மோனையே அது குறைக்கிறது. சிலருக்குப் பாலுறவு சார்ந்த பக்கவிளைவு வரும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்கள் தொடவே கூடாது.

என் வரிசை இப்படி: முதலில் தோல் மருத்துவர், ரத்தத்தில் தைராய்டும் இரும்புச் சத்தும். பரம்பரை வழுக்கைதான் என்று உறுதியானால் பாட்டில். மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள், அல்லது பாட்டிலோடு கூட ஏதாவது சேர்க்க விரும்பிக் கையில் காசும் இருப்பவர்கள், லேசர் ஹெல்மெட்டை 26 வாரம் ஒழுங்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரே வெளிச்சத்தில், ஒரே வகிடு எடுத்து, மாதம் ஒரு போட்டோ. பளபளவென்று வழுக்கையான இடத்துக்கு எதுவும் வேண்டாம். எல்.இ.டி. தொப்பிக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

போன வாரம் மச்சினன் வந்திருந்தான். "எனக்குத்தான் சரியாயிடுச்சே, பாதி விலைக்குத் தர்றேன், எடுத்துக்கிறீங்களா அத்தான்?"

9,000 ரூபாய்க்குப் பதினைந்து மாத பாட்டில் வருமே என்றேன். சும்மாவே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அலமாரியில், பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.