போஸ்டரில் மட்டும் ‘மேஜர்’: குன்னூர்ப் பக்கத்துப் பெற்றோர் கவனத்துக்கு

குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி வட்டாரத்தில் பிள்ளையை எப்படியாவது ராணுவத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று அலைகிற பெற்றோர் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஓய்வுபெற்ற மேஜர், கார்கில் போரில் வீர் சக்ரா விருது வாங்கியவர், பண்பாட்டைக் காக்கும் இயக்கத்தின் தலைவர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு ஒருவர் நம் மலையில் உலவுகிறார். அக்கா மகனுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி அக்கா வீட்டிலும் என்னிடமுமாக 2,75,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். வேலையும் இல்லை, பணமும் இல்லை. ஊட்டியில் மாவட்டக் குற்றப் பிரிவில் மனு கொடுத்திருக்கிறோம். விசாரணை முடியும்வரை பெயரை எழுதக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. அறுபதை நெருங்கும் வயது, முறுக்கிய மீசை, நெற்றி நிறைய விபூதி, மார்பில் மெடல் வரிசை. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் தையல்காரன். அப்பா காலத்திலிருந்து மிலிட்டரித் துணிதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. பிளேசர், சீருடை, மார்பில் குத்தும் ரிப்பன் பட்டை எல்லாம் கடையில் தயாராகும். இவரும் முதலில் வாடிக்கையாளராகத்தான் வந்தார். "மாஸ்டர், தேர்தல் வருகிறது, படம் எடுக்க வேண்டும்" என்று சொல்லிப் பிளேசருக்கு அளவு கொடுத்தார். ரிப்பன்களின் பட்டியலைக் கைப்பட எழுதித் தந்தார். முதலில் வீர் சக்ரா. பாதி கருநீலம், பாதி காவி என்று ஓடும் ரிப்பன் அது. இடப்பக்க மார்பில் குத்தும்போது உயர்ந்த விருது பொத்தான் வரிசையை ஒட்டி முதலில் வர வேண்டும். மற்றவை அதற்குப் பிறகு தோள் பக்கமாகப் போகும். பட்டாளத்தில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் இது தெரியும். இவர் வீர் சக்ராவை நடுவில் வைக்கச் சொன்னார். "நடுவில் இருந்தால்தான் படத்தில் எடுப்பாக விழும், மாஸ்டர்." அவர் சொன்னபடியே தைத்தேன். அந்தக் கூலியும் இன்றுவரை பாக்கி; அதை மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை.

மேடையில் அவர் சொல்லும் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு நிமிரும். எண்பதுகளில் அதிகாரியாகச் சேர்ந்தாராம். சியாச்சின் பனியில் காவல் இருந்தாராம். 1987இல் அமைதிப் படையோடு இலங்கை போனாராம். 1999இல் மதராஸ் ரெஜிமென்ட் கம்பெனி ஒன்றை டைகர் மலை உச்சிவரை நடத்திச் சென்று வீர் சக்ரா வாங்கினாராம். அதற்குப் பிறகு அரசியல்வாதிகள் ராணுவத்தின் கையைக் கட்டிப்போடுவதைப் பொறுக்கமாட்டாமல் ராஜினாமா செய்துவிட்டு, நாட்டை உள்ளுக்குள்ளிருந்து காப்பாற்றுவதற்காகவே அரசியலுக்கு வந்தாராம். ஒழுக்கம், குடும்பம், கோயில் என்று மூன்று கொள்கை. டாஸ்மாக்கை மூட வேண்டும், பள்ளி முடிக்கும் ஒவ்வொரு பையனுக்கும் கட்டாய ராணுவப் பயிற்சி தர வேண்டும், கூட்டுக் குடும்பம் உடையக் கூடாது, விளக்கு வைத்த பிறகு பெண்கள் வெளியே சுற்றக் கூடாது. கடைசியைத் தவிர மற்றவற்றில் பாதியேனும் எனக்கு உடன்பாடுதான். ஆகவே அவருடைய அரசியலுக்கு எதிராக எழுதுகிறேன் என்று அவருடைய தொண்டர்கள் கிளம்பிவர வேண்டாம். அந்த மூன்று கொள்கைகளையும் உண்மையாகப் பின்பற்றுகிறவர்கள்தான் முதலில் அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும்.

சமவெளியில் இந்த வேஷம் எவ்வளவு எடுபடும் என்று தெரியாது. இங்கே எடுபடுகிறது. 1758இல் தொடங்கிய மதராஸ் ரெஜிமென்டின் மையம் வெலிங்டனில் இருக்கிறது. முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரியும் அங்கேதான். பீல்டு மார்ஷல் மானெக்‌ஷா குன்னூரில் வீடு கட்டிக் குடியிருந்து, 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் ஜெனரல் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்தபோது கம்பளியும் குடமுமாக ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள். அன்றிலிருந்து பட்டாளம் என்றால் இங்கே மரியாதை இன்னும் ஒரு படி கூடிவிட்டது. அந்த மீட்புப் பணியைத் தானே முன்னின்று நடத்தியதாகவும் இவர் மேடையில் பேசியிருக்கிறார். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டேன். கேட்டதற்காக என்னைத் திட்டினார்.

இனி பண விஷயம். அக்கா மகன் நான்கு ஆண்டுச் சிப்பாய்ப் பணிக்கான அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். விடியற்காலைப் பனியில் அருவங்காடு சாலையில் 1.6 கிலோமீட்டர் ஓடுவான். ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண். கைபேசியில் நேரம் வைத்து ஓடி, கொஞ்சம் கொஞ்சமாக அந்த நேரத்தை நெருங்கிக்கொண்டிருந்தான். அவனைக் கடையில் பார்த்த 'மேஜர்', "இவ்வளவு சிரமம் எதற்கு? படைவீரர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று வெலிங்டனில் தனிச் சேர்க்கை நடக்கும். என் தம்பி என்று சான்றிதழ் போட்டுவிடுகிறேன். கமாண்டன்ட் என்னிடம் ஜூனியராக இருந்தவர்" என்றார். இங்கேதான் தந்திரம். படைவீரர்களின் மகன்களுக்கும் சகோதரர்களுக்கும் ரெஜிமென்ட் மையங்களில் தனிச் சேர்க்கை முகாம் நடப்பது உண்மை. அந்த ஓர் உண்மையை நடுவில் வைத்து, சுற்றிலும் பொய்யைக் கட்டியிருக்கிறார். அந்த முகாமிலும் பையன் ஓடித்தான் ஆக வேண்டும். அதற்கும் யாரும் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

பணம் வாங்கிய விதத்தைக் கவனியுங்கள். வேலைக்கு என்று ஒரு வார்த்தைகூட எங்கும் எழுதவில்லை. 'கொள்கை நிதி' என்று அச்சடித்த ரசீதுக் கட்டுகளைத் தந்தார். ஒவ்வொரு ரசீதும் 1,900 ரூபாய்க்கு. ஏன் 1,900 என்று அப்போது கேட்டதற்குத் "தணிக்கை நடைமுறை" என்றார். அரசியல் கட்சிகள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை வாங்கினால் வருமான வரிச் சலுகை போய்விடும். 2017இல் வந்த விதி அது. அதற்குள் அடங்குவதற்காகத் தொகையைத் துண்டு துண்டாக நறுக்கி, குடும்ப அட்டை நகலை வாங்கி வைத்துக்கொண்டு, அதில் இருந்த பெயர்களையெல்லாம் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறார். பாட்டி இறந்த பிறகும் அட்டையில் பெயர் நீக்காமல் இருந்தது. அவர் பெயரிலும் ஒரு கத்தை ரசீது இருக்கிறது. உயிரோடு இருந்தவரை வெற்றிலை பாக்குக்குக்கூடக் கணக்குக் கேட்டவர் எங்கள் பாட்டி.

அப்புறம் ஒரு கடிதம் வந்தது. மதராஸ் ரெஜிமென்டின் யானைச் சின்னம், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. குறிப்பிட்ட நாளில் வெலிங்டனில் ஆஜராக வேண்டும் என்றிருந்தது. அத்தான் கறுப்பு டிரங்குப் பெட்டி வாங்கி, வெள்ளைப் பெயின்டில் மகன் பெயரை எழுதவைத்தார். ரெஜிமென்ட் மைய வாசலில் இருந்த ஹவில்தார் கடிதத்தை வாங்கிப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். கோபப்படவில்லை. "ஐயா, இப்படி ஒரு கடிதம் நாங்கள் அனுப்புவதில்லை. பையனைக் கூட்டிக்கொண்டு போலீசுக்குப் போங்கள்" என்று சொல்லி, உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். அத்தான் அந்தத் தேநீரைத் தொடவில்லை.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 2024 சேர்க்கைக்கு வயது வரம்பு பதினேழரை முதல் 21 வரை. அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. "உனக்கு எதற்கு ஆன்லைன் தேர்வு?" என்று சொல்லி விண்ணப்பமே போடவிடாமல் செய்துவிட்டார் இந்த ஆள். நீதிமன்றம் நாளைக்கே பணத்தை வட்டியோடு வாங்கிக் கொடுத்தாலும் அந்த வயதை யார் வாங்கிக் கொடுப்பது?

எங்கள் கடைக்கு வரும் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் கடிதத்தையும், 'மேஜர்' தந்திருந்த அடையாள அட்டை நகலையும் காட்டினேன். மதராஸ் ரெஜிமென்டில் முப்பது வருடத்துக்கு அருகில் இருந்தவர், அளந்து பேசுகிறவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணைப் படித்தார்.

"தம்பி, இதில் ஜேசி என்று ஆரம்பிக்கிறதே, பார்த்தாயா? இது என்னைப் போன்ற சுபேதார், நாயப் சுபேதார்களுக்கு உள்ள எண். நிரந்தரக் கமிஷன் வாங்கிய அதிகாரி என்றால் ஐசி. குறுகிய கால அதிகாரி என்றால் எஸ்எஸ். யாரோ ஒரு கிழவனுடைய அட்டையை நகல் எடுத்து மேலே மேஜர் என்று ஒட்டியிருக்கிறான்."

டைகர் மலைக் கதையையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "1999 ஜூலை 4 அன்று அதைப் பிடித்தது கிரனேடியர்ஸ் 18ஆவது பட்டாலியன். கார்கில் போரில் நம் ஊர்க்காரர் வீர் சக்ரா வாங்கியதும் உண்மைதான். திருச்சி மேஜர் சரவணன். பீகார் ரெஜிமென்ட். கார்கில் பக்கத்துப் பட்டாலிக்கில் உயிரைக் கொடுத்துவிட்டு வாங்கினார்." சற்று நேரம் கழித்து, "உன் ஆளை ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன். 'என்னப்பா சுபேதார்' என்று கூப்பிட்டான். இத்தனை வருட சர்வீசில் எந்த அதிகாரியும், அது ஜெனரலாகவே இருக்கட்டும், 'சாப்' சேர்க்காமல் என்னைக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கே எனக்குச் சந்தேகம்" என்றார்.

மிச்சத்தை அக்கா மகனே கண்டுபிடித்தான். 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த மனிதர் மலைக்குக் கீழே ஒரு தொகுதியில் சுயேச்சையாக நின்று டெபாசிட் இழந்தவர். வேட்பாளர்கள் கொடுக்கும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் கல்வி: மேல்நிலைப் பள்ளி. தொழில்: பழைய வாகனங்கள் வாங்கி விற்பது. வருமான ஆதாரத்தில் ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. போஸ்டரில் மேஜர், பத்திரத்தில் வாகனத் தரகர்! அதில் பொய் எழுதினால் ஆறு மாதம்வரை சிறை என்பதால் அங்கே மட்டும் உண்மையை எழுதியிருக்கிறார். அவர் வாழ்க்கையில் மனமாரச் சொன்ன உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனோம். பின்சுவரில் மூவர்ணக் கொடி, மேஜையில் பொம்மைப் பீரங்கி, சுற்றிலும் பத்துப் பதினைந்து இளைஞர்கள். பத்திரத்தை நீட்டியதும் குரலை உயர்த்தினார். "ராணுவத்தை அவமதிக்கிறீர்களா? எல்லையில் ரத்தம் சிந்தியவனிடம் கணக்குக் கேட்கிறீர்களா?" இளைஞர்கள் எழுந்துகொண்டார்கள். அத்தான் தேசத்துரோகி என்று ஒருவன் கத்தினான். அத்தானின் அப்பா, மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து கப்பலேறி வந்து, கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறித்துப் பிழைத்தவர். அந்த வீட்டிலிருந்து முதல் சிப்பாய் என்று சொல்லிக்கொள்ளத்தான் அத்தான் ஆசைப்பட்டார். அந்தப் பையன்களின் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களில் சிலரும் 1,900 ரூபாய் ரசீது வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இவரிடமோ இவரைப் போன்றவர்களிடமோ மாட்டிக்கொள்வதற்கு முன் சில இடங்களில் விசாரித்துவிடுங்கள். வீர் சக்ரா போன்ற விருது பெற்றவர் எவராயினும் பெயர் இந்திய அரசிதழில் வந்திருக்கும். பாதுகாப்பு அமைச்சகத்தின் வீரதீர விருதுகள் இணையதளத்திலும் தேடலாம். முன்னாள் படைவீரர் என்று சொல்பவரை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். தேர்தலில் நின்றவர் என்றால் அவருடைய படிவம் 26ஐப் படியுங்கள். எந்தப் பட்டாலியன் என்று கேளுங்கள். உண்மையான பட்டாளத்துக்காரர் யோசிக்காமல் எண்ணைச் சொல்வார். இவர் "அது ரகசியம்" என்பார். அக்னிவீர் பொதுச் சேர்க்கைக்கான விண்ணப்பம் ராணுவத்தின் இணையதளத்தில் மட்டும்தான். 2024 ஆன்லைன் தேர்வுக்கு விண்ணப்பதாரர் கட்டியது 250 ரூபாய். தேர்வுக் கட்டணத்துக்கு மேல் யார் கேட்டாலும் திருட்டு.

சட்டத்தையும் வக்கீலிடம் கேட்டேன். ஏமாற்றிப் பணம் பறித்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இன்படி ஏழு ஆண்டுவரை சிறை உண்டு. படைவீரர் அல்லாதவர் தன்னைப் படைவீரர் என்று நம்பவைக்க அந்த உடையையோ அடையாளத்தையோ அணிந்தால் 168ஆம் பிரிவு. அதற்கு மூன்று மாதம்வரை சிறை அல்லது 2,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 2,000 ரூபாய் என்பது அவருக்கு ஒரு ரசீதுக்குச் சற்று மேல்.

பணம் கொடுத்தவர்கள், ரசீதில் நன்கொடை என்று இருக்கிறதே என்று பயந்து வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். வாட்ஸ்அப் குரல் பதிவு, வங்கிப் பரிமாற்ற விவரம், அவர் தந்த கடிதம், கூட இருந்த சாட்சி எல்லாமே உதவும் என்கிறார் வக்கீல். ஒரே மாதிரியான புகார்கள் பல சேர்ந்தால் வழக்கு வலுப்படும். ஒரே தொகைக்கு ஒரே நாளில் வெவ்வேறு பெயரில் கிழித்த ரசீதுகள் இருந்தால் அவற்றைக் கட்டுக் கலையாமல் அப்படியே வைத்திருங்கள். எங்கள் மனுவோடு சேர்ந்து கொடுக்க விரும்புகிறவர்கள் அசல் ரசீதை என்னிடமும் தர வேண்டாம். நகல் எடுத்துக்கொண்டு நேராக ஊட்டிக்குப் போய் எங்கள் மனுவைக் குறிப்பிட்டுக் கொடுங்கள்.