இன்டேக் விசிலைப் பிடிக்க எது சரி: காதா, ஸ்ப்ரேயா, புகையா, காற்றழுத்தமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போதுதான், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பாதையிலிருந்து வந்த அந்த விசிலை முதலில் கேட்டேன். என்னுடையது 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் கார். ரீமேப் செய்து (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி), கூம்பு வடிவ ஓப்பன் ஃபில்டர் போட்டு, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பக்கத்து ரப்பர் ஹோஸ்களைக் கழற்றி சிலிகான் ஹோஸ் மாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. கொண்டை ஊசி வளைவு முடிந்து மூன்றாவது கியரில் அழுத்தினால், குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் கீச்சென்று ஆவி கசியுமே, அப்படி ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் சும்மா ஓடும்போது, அந்தச் சத்தமே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க நான் மாறி மாறிச் செய்து பார்த்த சோதனைகளைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். எந்தச் சோதனை உசத்தி என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் சோதனையைத் தீர்மானிக்கும். அது புரியாமல் நான் பத்து நாளை வீணாக்கினேன்.

காரணம் எளிது. ஐடிலில், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதற்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கல்தான். வெளியே சுமார் 100. அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே இழுக்கப்பட்டு உஸ்ஸென்று சீறும். பூஸ்ட், அதாவது டர்போ காற்றை அழுத்தி அனுப்பும் அழுத்தம், ஏறும்போது நிலைமை தலைகீழ். டர்போவிலிருந்து சிலிண்டர் ஹெட் வரை மொத்தப் பாதையும் வெளிக்காற்றைவிட 15 பிஎஸ்ஐ, சில ரீமேப்களில் இன்னும் அதிகமாக அழுத்தப்பட்டிருக்கும். ஓட்டை வழியாகக் காற்று வெளியே பீறிடும். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் உள்ள ஓட்டைக்கு ஐடிலில் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம், அதனால் அது வாய் திறக்காது. என் விசில் ஏற்றத்தில் மட்டும் வந்ததற்கு இதுதான் பொருள். ஆனால் அதை நான் அப்போது யோசிக்கவில்லை.

சோதனைக்கு முன் ஒன்று. மாற்றிய காரில் எல்லாப் புதுச் சத்தமும் கோளாறு அல்ல. கம்பெனி ஏர்பாக்ஸில் சத்தத்தை விழுங்குவதற்கென்றே ரெசனேட்டர் அறைகள் உண்டு. ஓப்பன் ஃபில்டர் போட்டதும் அவை போய்விடும். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை மூச்சிழுக்கும். 3000 ஆர்பிஎம்மில் அது விநாடிக்கு 100 துடிப்பு. அந்த அடித்தொண்டை உறுமல் ஃபில்டருடையது. பழைய ஏர்பாக்ஸை அரை மணி நேரத்தில் திரும்ப மாட்டி ஓட்டிப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். பழைய பாகங்களை விற்றுவிடாதீர்கள் என்று நண்பர்களிடம் சொல்வது இதற்காகத்தான். நான் மாட்டிப் பார்த்தேன். உறுமல் போனது, விசில் இருந்தது.

காது

மூன்றடி ரப்பர் ட்யூப் ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துவது. ஐடில் சீறலுக்கு இது அருமையான வழி, செலவும் இல்லை. மெக்கானிக் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் அதன் கம்பியைக் கழற்றிவிட்டு வெறும் ட்யூபாகப் பிடிப்பது நல்லது. கம்பி பேரிங் சத்தத்துக்கானது, காற்றுக்கு அல்ல. ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே ட்யூபையோ சட்டைக் கையையோ கொண்டுபோகக் கூடாது.

காது மட்டுமே பிடிக்கக்கூடிய சத்தம் ஒன்றும் உண்டு. ஐடிலில் ஊளையிடுவது போல ஒரே சுருதியில் வந்தால், டிப்ஸ்டிக்கை லேசாக உருவிப் பாருங்கள். சட்டென்று நின்றால், இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி வால்வின் ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் பூஸ்ட் விசிலுக்குக் காது உதவாது. நிறுத்திய காரில் நியூட்ரலில் எவ்வளவு முறுக்கினாலும் இன்ஜினுக்குச் சுமை இல்லாததால் பூஸ்ட் பெரிதாக ஏறாது. பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு மலையேறவும் முடியாது.

ஸ்ப்ரே

கார்புரேட்டர் கிளீனரை இணைப்புகளில் அடித்து ஆர்பிஎம் ஏறுகிறதா என்று பார்ப்பது பழைய பழக்கம். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சூடான டர்போவுக்குப் பக்கத்தில் எரியும் திரவம் தெளிப்பது உயிரோடு விளையாடுவது. அப்படியே துணிந்தாலும், எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள காரில் இன்ஜின் கணினியான இசியு உடனே ஐடிலைச் சரிசெய்துவிடும். காதுக்கு ஒன்றும் தெரியாது. வெறும் தண்ணீர் தெளித்துச் சீறல் ஒரு கணம் மாறுகிறதா என்று பார்ப்பதுகூட இதைவிட மேல்.

புகை

ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் நான் முதலில் போனேன். ஃபில்டர் வாயை அடைத்து, இன்டேக்குக்குள் புகையைச் செலுத்தினார்கள். எங்கே கசிகிறதோ அங்கே புகை நூலாக எழும். வெடித்த வேக்குவம் ஹோஸ், காய்ந்த கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் என்று கை நுழையாத இடத்து ஓட்டையையும் கண்ணுக்குக் காட்டிவிடும். ஐடில் சீறலுக்கு இதற்கு நிகர் இல்லை.

எனக்கு நாற்பது நிமிடம் புகை போட்டும் ஒன்றும் வரவில்லை. "லீக் இல்லைங்கண்ணா" என்றார் அந்தத் தம்பி. அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த மெஷின் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ. அந்த அழுத்தத்தில் என் ஹோஸ் நன்றாகவே மூடிக்கொண்டிருந்தது.

காற்றழுத்தம்

இது டர்போ காருக்கே உரியது. பிவிசி பைப்பின் எண்ட் கேப் ஒன்றில் துளை போட்டு, ட்யூப்லெஸ் டயர் வால்வ் ஒன்றை மாட்டினால் கருவி தயார். இன்ஜின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். டர்போவுக்குள் காற்று நுழையும் வாயில் கேப்பைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இணைக்கலாம். 5 பிஎஸ்ஐயில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். உங்கள் கார் வழக்கமாக எடுக்கும் பூஸ்டைத் தாண்டக் கூடாது. கேப் தெறித்தால் காயம் படும், எதிரே நிற்காதீர்கள். பிசிவி ஹோஸைக் கழற்றி இருபுறமும் அடைத்துவிடுவது முக்கியம். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் போனால் ஆயில் சீல்கள் பிதுங்கிவிடும். திறந்திருக்கும் வால்வுகள் வழியாகச் சைலன்சர் பக்கம் கொஞ்சம் காற்று போகத்தான் செய்யும், அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

8 பிஎஸ்ஐ வரை அமைதி. 12 தொட்டதும் இன்டர்கூலரின் வெளிவாயில் அதே கீச்சொலி! சோப்புத் தண்ணீர் தெளித்தேன், நுரை பொங்கியது. கையோடு கழற்றிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. சாதாரணத் துளைப்பட்டிக் கிளாம்பின் துளைகளுக்குள் மென்மையான சிலிகான் பிதுங்கி வெட்டுப்பட்டிருந்தது. உள்ளே டர்போ வழியாக வரும் ஆயில் படலம் வேறு, ஹோஸை வழுக்க வைத்தது. அழுத்தம் ஏறியதும் ஹோஸ் விரிந்து ஒரு ஓரத்தில் வாய் திறந்திருக்கிறது. அந்த இணைப்பின் வெளியே எண்ணெய் வளையம் ஒன்று படிந்திருந்ததை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். பூஸ்ட் கசிவு தானாகப் போட்டுவைக்கும் அடையாளம் அது.

ஸ்கேனர்

இதை முதலில் செய்திருந்தால் மற்றதெல்லாம் சுருங்கியிருக்கும். காரின் கணினியில் உள்ள அளவுகளைப் படிக்கும் ஸ்கேனர் ஓட்டையின் இடத்தைச் சொல்லாது, அது வேக்குவம் பக்கமா பூஸ்ட் பக்கமா என்பதைச் சொல்லும். காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள காரில், ஃப்யூல் ட்ரிம் (இசியு எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) ஐடிலில் 15 சதவீதம் கூடுதலாகவும், 2500 ஆர்பிஎம்மில் இயல்பை ஒட்டியும் இருந்தால் ஓட்டை பெரும்பாலும் வேக்குவம் பக்கம், அதாவது த்ராட்டிலுக்குப் பின்னால். உறிஞ்சும் மொத்தக் காற்று கூடும்போது ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும். எரிபொருள் போதவில்லை என்று சொல்லும் பி0171 பிழைக் குறியீடும் வரலாம். மேனிஃபோல்ட் அழுத்தத்தை மட்டும் வைத்து எரிபொருள் கணக்கிடும் கார்களில் ட்ரிம் அப்படியே இருக்கக்கூடும். அங்கே ஐடில் ஏறியிருக்கிறதா, த்ராட்டில் வழக்கத்தைவிட மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

என் காரில் ஐடில் ட்ரிம் சுத்தம். பிழைக் குறியீடு எதுவும் இல்லை. ஆனால் ஏற்றத்தில் நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஸ்கேனரில் பதிவு (லாக்) எடுத்தபோது, இசியு 17 பிஎஸ்ஐ கேட்டதற்கு 14தான் கிடைத்தது. பூஸ்ட் குறைவு என்று சொல்லும் பி0299 குறியீடு வரும் அளவுக்கு இறங்கவில்லை, அவ்வளவே. விசில்தானே என்று விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான். கசிந்துபோகும் காற்றை ஈடுகட்ட டர்போ கூடுதல் வேகத்தில் சுற்றும். சூடும் தேய்மானமும் ஏறும்.

கசிவே இல்லாத இரண்டு சத்தங்களுக்கு இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம். காலை எடுத்ததும் துத்துத்து என்று புறா இறக்கை போலப் படபடத்தால், மூடிய த்ராட்டிலில் மோதிய காற்று கம்ப்ரஸர் வழியே திரும்புகிறது. அந்தக் காற்றை வேறு வழியில் திருப்பிவிட வேண்டிய டைவர்ட்டர் வால்வைப் பாருங்கள். ஆம்புலன்ஸ் சைரன் போல வேகத்தோடு ஏறும் ஓலம் என்றால் டர்போ பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். வண்டி ஆறிய பிறகு ஹோஸைக் கழற்றி, விரலால் டர்போவின் தண்டை அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் பல டர்போக்களில் இயல்பு. உள்ளே வெளியே ஆடினாலோ, டர்போவின் இறக்கைச் சக்கரம் கூட்டின் சுவரில் உரசினாலோ வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஹோஸின் உட்புறத்தை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, துளையில்லாத பட்டை உள்ள டி-போல்ட் கிளாம்ப் போட்டேன். மறுபடி அழுத்திப் பார்த்ததில் 17 வரை நின்றது. அடுத்த வாரம் அதே மலை, அதே மூன்றாவது கியர். ஃபில்டரின் உறுமல் மட்டும் கேட்டது. சூடேறி ஆறும்போது சிலிகான் கொஞ்சம் அமுங்கிவிடும் என்பதால், திரும்பி வந்து ஆறியதும் கிளாம்பை ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன். அரைச் சுற்று உள்ளே போனது.